பழுதுப் பதிவேடு

கட்டைவிரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு
"இனி அழுத்தி எழுதாதீர்கள்" என்றார் மருத்துவர்.
லிஃப்ட் பழுது பார்க்கிறவன் நான்.
ஸ்பேனரை விடச் சொல்வார் என்று பயந்து போயிருந்தேன்.
பால்பாயிண்டை விடச் சொன்னார்.

நாளைக்குப் பதினொரு கட்டடம்,
பதினொரு பதிவேடு,
ஒவ்வொன்றிலும் தேதி, பழுது, செய்த வேலை, கையெழுத்து.
கார்பன் தாள் ஒழிந்து எத்தனையோ வருடம்.
அடியில் இன்னும் ஒரு நகல் காத்திருப்பதுபோல
உழுதுகொண்டே இருக்கிறது என் கை.

நானூறு குரோனாவுக்கு மேல் போகக் கூடாதென்று
டிராமிலேயே எனக்கும் என் பர்ஸுக்கும் ஒப்பந்தம்.
பிர்னோவில் மூன்று நாளாக அழுக்குப் பனி.
பூட்ஸின் சேற்றோடு கடைக்குள் நுழைந்தேன்.
கண்ணாடிப் பெட்டிக்குள் தங்க முள் பேனாக்கள்
விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கின.
அதில் ஒன்றின் விலைக்கு
கதவு மோட்டார் ஒன்றையே மாற்றிவிடலாம்.

விளாஸ்திமிலா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள்
என்ன விலைக்குள் என்று கேட்கவில்லை.
"எந்தத் தாளில் எழுதுவீர்கள்?" என்றாள்.

இதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி.
கிரீஸ் விரல் பட்ட தாள்.
மோட்டார் அறையின் மங்கல் பல்புக்கடியில்
முழங்காலில் வைத்து எழுதுகிற தாள்.
நிர்வாகம் மலிவாக வாங்கிப் போட்டது,
மை பட்டால் வேர்விட்டுப் பரவும்.

"அப்படியானால் மெல்லிய முள்."
மூன்றை எடுத்து வைத்தாள்.

ஒன்று பித்தளை. பார்க்க அழகு.
மூடியைப் பின்னால் செருகியதும்
குடித்தவன்போலப் பின்பக்கம் சாய்ந்தது.
இரண்டாவது, எழுதத் தொடங்கும்போதெல்லாம்
முதல் எழுத்தை விழுங்கிவிட்டு
இரண்டாவதிலிருந்துதான் வாயைத் திறந்தது.
மூன்றாவது பிளாஸ்டிக்,
குளியலறைக் குழாயின் சாம்பல் நிறம்,
மை எவ்வளவு மிச்சம் என்று காட்ட
வயிற்றில் ஒரு ஜன்னல்.
முந்நூற்று நாற்பத்தொன்பது.

சோதனைத் தாள் முழுக்க யார் யாரோ சுழித்த சுழிகள்.
ஒருத்தி தன் பெயரைப் பதினேழு முறை எழுதியிருந்தாள்,
பாதி கணவன் பெயரோடு,
பாதி இல்லாமல்.
எனக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.
அதற்குள் கை எழுதிவிட்டது:
மூன்றாம் மாடி. கதவு மூடவில்லை.
சரிசெய்யப்பட்டது. ரா. ஷ்மெர்தா.

தலைகீழாகவே வாசித்தவள்
"எந்தக் கட்டடம்?" என்றாள் சட்டென்று.
அவளும் மூன்றாம் மாடிதானாம்.

அழுத்தவே வேண்டாம் என்பது பழக இரண்டு வாரமானது.
பேனா தன் எடையிலேயே போகும்,
நான் கூட நடந்தால் போதும்.
சட்டைப் பையில் ஒரு நீலப் பொட்டு,
மனைவி அதை மன்னிக்கவில்லை.

போன செவ்வாய் லீஷெனில்
எட்டாம் மாடியில் மூடி கழன்று
லிஃப்ட் குழிக்குள் விழுந்தது.
விழுந்து சேரும் சத்தம் கேட்க நேரம் பிடித்தது.
மெயினை அணைத்து, பலகை மாட்டி, நானே இறங்கினேன்.
அடியில் சூரியகாந்தி விதைத் தோல், யாருடையதோ சாவி,
ஒற்றைக் குழந்தைக் கையுறை,
இவற்றோடு பழகிவிட்டதுபோல என் மூடி.
ஒரு கீறல், அவ்வளவுதான்.
தங்கப் பேனாவாக இருந்தால்
எட்டாம் மாடிக்கு அதைக் கொண்டுபோயே இருக்கமாட்டேன்.
கட்டுப்படியாகிற விலை என்றால்
விழக் கூடிய விலை.

மேலே வந்து பதிவேட்டைத் திறந்தேன்.
என் போன வாரக் குறிப்புக்குக் கீழே பென்சிலில்:
"உங்கள் எழுத்து இப்போதுதான் புரிகிறது.
விளக்கு இன்னும் எரியவில்லை.
குப்ஷீகோவா, ஐந்தாம் மாடி."

அதற்குக் கீழே
"வியாழக்கிழமை" என்று எழுதினேன்.
மை காயட்டுமென்று தாளை மூடாமல் நின்றேன்.
லிஃப்ட் வந்தது, திறந்தது,
ஆள் யாருமில்லை,
தானே மூடிக்கொண்டது,
சரியாக.